மேப்பில் தொட்டால் சார்ட்டிலும் அதே புள்ளி தெரிய வேண்டும்: காய்ந்த ஓக் மரங்களைப் படிக்க எந்தக் கருவி?

கருவாலி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பகுதியில் வனவியல் முதுகலை படிக்கிறேன். 2015 முதல் 2018 வரை இங்கே தெற்குப் பக்கம், அதாவது மாசசூசெட்ஸ், கனெக்டிகட், ரோட் ஐலண்ட் மூன்று மாநிலங்களிலும், ஸ்பாஞ்சி மாத் புழு ஓக் மரங்களை மொட்டையடித்துவிட்டுப் போனது. முன்பு ஜிப்சி மாத் என்றார்கள், 2022-ல் பெயரை மாற்றினார்கள், அதே புழுதான். ஒரு வருடம் இலையைத் தின்றுவிட்டுப் போனால் ஓக் மறுபடி துளிர்த்துவிடும். இங்கே அடுத்தடுத்த வருடங்களில் தின்றது, நடுவில் 2016-ல் கடும் வறட்சி வேறு, களைத்துப்போன மரத்தில் பட்டைக்கு அடியில் குடையும் வண்டும் ஏறியது. நிறைய மரம் காய்ந்துவிட்டது.

எங்கே அதிகம் செத்தது, அங்கே மரங்கள் பெருத்தவையா சிறுத்தவையா, ஓக் மட்டும் அடர்ந்த காடா கலப்புக் காடா, மேட்டு நிலமா பள்ளமா, இதுதான் என் ஆய்வேடு. தரவு எஃப்ஐஏ-வுடையது, அமெரிக்க வனத்துறை நாடு முழுக்க எடுக்கும் காட்டுக் கணக்கெடுப்பு. அட்டவணை எல்லாம் ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியில் இருக்கிறது, மேப் கியூஜிஐஎஸ் என்ற மேப் மென்பொருளில் இருக்கிறது. ஸ்கேட்டர் ப்ளாட்டில் ஒரு புள்ளி கூட்டத்தை விட்டுத் தள்ளி நிற்கிறது என்றால் அதன் அடையாள எண்ணைத் தேடி எடுத்து, கியூஜிஐஎஸ்-க்குப் போய் ஒட்டி, ஓ இது மாசசூசெட்ஸின் வொர்ஸ்டர் பக்கமா என்று பார்த்து, திரும்ப ஆர்-க்கு வந்து அடுத்த புள்ளி. இப்படியே பொழுது போகிறது, நான்காவது புள்ளிக்குள் முதல் புள்ளி எதற்காகப் பார்த்தேன் என்பதே மறந்துவிடுகிறது.

மேப்பில் ஒரு வட்டம் போட்டால் சார்ட்டில் அந்தப் புள்ளிகள் நிறம் மாற வேண்டும், சார்ட்டில் பிடித்தால் மேப்பில் மாற வேண்டும். இலவசமாக இருந்தால் நல்லது. எதைப் பயன்படுத்துகிறீர்கள்?

இன்னொன்று. என் கைடு, "புள்ளிகளை எல்லாம் இடைக்கணிப்பு செய்து, அதாவது நடுவில் அளக்காத இடங்களின் மதிப்பையும் ஊகித்து, வழவழவென்று ஒரு நிறப்பரப்பு போடு, கண்ணுக்குத் தெரியும்" என்கிறார். அதுவே போதுமா?

---

வரைகோல் எழுதியது:

கியூஜிஐஎஸ்-லேயே டேட்டாப்ளாட்லி என்று ஒரு ப்ளகின் இருக்கிறது, போட்டுப் பாருங்கள். சார்ட்டில் பெட்டி இழுத்துப் புள்ளிகளைப் பிடித்தால் மேப் லேயரில் அவை தேர்வாகிவிடும். மறுபக்கம், மேப்பில் தேர்ந்தெடுத்தவற்றை மட்டும் வைத்து சார்ட் வரையச் சொல்லலாம். ஆனால் அப்போது மற்ற புள்ளிகள் சார்ட்டிலிருந்து காணாமல் போகும், கூட்டத்துக்கு நடுவே இவை எங்கே நிற்கின்றன என்று தெரியாது. அவசரத்துக்குப் பரவாயில்லை.

---

பழையகணினி எழுதியது:

கருவாலி, நீங்கள் கேட்பது புதிய ஆசை இல்லை, முப்பது வருடத்துக்கு முன்பே இதற்காக ஆட்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள், அதுவும் உங்கள் நியூ இங்கிலாந்து காட்டை வைத்தே. 1990-ல் இ.பி.ஏ-வும் (அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை) வனத்துறையும் சேர்ந்து ஆறு நியூ இங்கிலாந்து மாநிலங்களில் காட்டு ஆரோக்கியக் கண்காணிப்பைத் தொடங்கினார்கள். மரத்தின் தலைப்பகுதி எவ்வளவு அடர்த்தி, கிளை நுனி எவ்வளவு காய்ந்திருக்கிறது, இலை வழியே எவ்வளவு வெளிச்சம் ஊடுருவுகிறது என்று இரண்டு பேர் கீழே நின்று அண்ணாந்து பார்த்து ஐந்து ஐந்து சதவீதப் படிகளில் எழுதுவார்கள். ஒரு இடத்துக்கு இத்தனை எண்கள், கூடவே அட்சரேகை தீர்க்கரேகை. இதை எப்படிப் பார்ப்பது?

அப்போது மேப்புக்கு ஆர்க்வியூ இருந்தது, அதில் புள்ளியியல் என்று சொல்ல ஒன்றும் பெரிதாக இல்லை. எக்ஸ்கோபி என்று இன்னொரு மென்பொருள் இருந்தது, யூனிக்ஸ் எக்ஸ் விண்டோவில் ஓடும், பல மாறிகளை ஒன்றாகப் போட்டுப் புள்ளிக்கூட்டத்தைச் சுழற்றிச் சுழற்றிப் பார்க்கலாம், பிரஷ்ஷால் தடவி நிறம் பூசலாம், ஆனால் அதற்கு மேப் என்றால் என்னவென்றே தெரியாது. அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் டயான் குக், யுர்கன் சிமான்சிக், ஜேம்ஸ் மஜூர், நோயல் கிரெஸ்ஸி ஆகியோர் இரண்டையும் ஒன்றோடு ஒன்று பேச வைத்தார்கள். முதலில் ஆர்க்இன்ஃபோ என்ற இன்னொரு மேப் மென்பொருளோடு, பிறகு ஆர்க்வியூ 2.0-வோடு இருவழியாக. எக்ஸ்கோபியில் பூசிய நிறம் ஆர்க்வியூ மேப்பில் அப்படியே வரும், மேப்பில் பூசினால் அங்கே வரும். இரண்டு தனி நிரல்கள், நடுவில் ஆர்பிசி அழைப்புகள், அதாவது ஒரு நிரல் இன்னொன்றை வேலை ஏவும் அழைப்புகள், போய்வரும். 1990-களின் நடுவில் இது சாதாரண வேலை இல்லை. ஸ்கேட்டர் ப்ளாட்டைப் பிரஷ்ஷால் தடவும் யோசனையை பெக்கரும் கிளீவ்லண்டும் 1987-ல் எழுதினார்கள், அதை மேப்புக்குக் கொண்டுவந்து 1989-ல் மார்க் மான்மோனியர் எழுதினார், டப்ளினில் ஹாஸ்லெட், அன்வின், வில்ஸ் மூவரும் மேக் கணினியில் செய்து காட்டினார்கள். ஆனால் ஊரெல்லாம் வைத்திருந்த ஒரு ஜிஐஎஸ்-ஸோடு (மேப் மென்பொருள்) பிணைத்து காட்டுத் தரவில் ஓட்டியது எனக்குத் தெரிந்து அயோவாக்காரர்கள்தான்.

இன்று அந்த ஆர்பிசி கூத்தெல்லாம் வேண்டாம். ஜியோடா என்ற மென்பொருளை இறக்குங்கள். லூக் ஆன்சலின் குழு 2003-ல் வெளியிட்டது, இலவசம், திறந்த மூலம், விண்டோஸ் மேக் லினக்ஸ் மூன்றிலும் ஓடும். உங்கள் கோப்பை ஜியோபேக்கேஜாகக் கொடுங்கள், ஷேப்ஃபைல் வேண்டாம், பத்து எழுத்துக்கு மேல் போகிற பத்திப் பெயரை வெட்டிவிடும். மேப், ஹிஸ்டோகிராம், ஸ்கேட்டர் ப்ளாட், பாக்ஸ் ப்ளாட், பேரலல் கோஆர்டினேட், எதைத் திறந்தாலும் எல்லா ஜன்னலும் தானாகவே இணைந்திருக்கும். நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

பிரஷ் பண்ணுவதற்கு: மேப்பில் சின்னச் செவ்வகம் இழுத்து, கன்ட்ரோல் விசையை விடாமல் அழுத்தினால் செவ்வகம் மின்னும். அதன் பிறகு அதை மவுஸால் மேப் முழுக்க நகர்த்திக்கொண்டே போகலாம். ஸ்கேட்டர் ப்ளாட்டில் ரெஜீம்ஸ் என்ற விருப்பத்தைப் போட்டு வையுங்கள்: செவ்வகத்துக்குள் வந்த இடங்களுக்கு ஒரு கோடு, வெளியே இருப்பவற்றுக்கு ஒரு கோடு, நகர நகர இரண்டும் ஆடும். இரண்டு சாய்வும் உண்மையிலேயே வேறா என்று சௌ டெஸ்ட் கீழேயே வரும். ரோட் ஐலண்ட் எல்லையிலிருந்து வடக்கே மெல்ல நகர்த்திக்கொண்டே போய், ஓக் அடர்த்திக்கும் சாவுக்கும் உள்ள கோடு எந்த இடத்தில் படுக்கிறது என்று பாருங்கள். இதை எந்த நிலைப்படமும் காட்டாது.

கைடு சொல்கிற வழவழப்பு பற்றி: கட்டுரையில் கடைசிப் படமாகப் போடலாம். ஆரம்பத்தில் போடாதீர்கள். பரப்பாக மாறிய பிறகு ஒவ்வொரு பிக்சலும் பக்கத்து இடங்களின் கலவை, அதில் தனித்து நிற்கிறவன் கரைந்துபோவான். உங்களுக்கு வேண்டியவன் அவன்தானே. இணைப்பு என்றால் சார்ட்டின் ஒரு புள்ளி, மேப்பின் ஒரு இடம், அட்டவணையின் ஒரு வரி, மூன்றும் ஒரே இடத்தையே குறிக்க வேண்டும். பரப்பில் அந்த ஒன்றுக்கு ஒன்று அறுந்துவிடுகிறது.

---

மலைச்சாரல் எழுதியது:

பழையகணினி அண்ணன் கருவியைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் தரவைப் பற்றிச் சொல்கிறேன், எஃப்ஐஏ-வோடு பல காலம் புரண்டிருக்கிறேன். ஜியோடாவைத் திறந்ததும் முதலில் சாவு விகித மேப்பைத் திறக்காதே தம்பி. (தங்கையா? பெயரில் தெரியவில்லை, மன்னித்துக்கொள்.) முதலில் அளந்த வருடத்தின் ஹிஸ்டோகிராமை, அதாவது எந்த வருடம் எத்தனை இடம் அளந்தார்கள் என்ற கட்டை வரைபடத்தைத் திற.

ஏன் என்றால், எஃப்ஐஏ எல்லா இடத்தையும் ஒரே வருடத்தில் அளப்பதில்லை. கிழக்கு மாநிலங்களில் ஒரு சுற்று முடிய ஐந்து முதல் ஏழு வருடம் ஆகும். வருடத்துக்கு ஒரு பங்கு. அந்தப் பங்கும் ஒரு மூலையில் குவிந்திருக்காது, வேண்டுமென்றே மாநிலம் முழுக்கப் பரவலாகத் தூவியிருப்பார்கள். இப்போது நினைத்துப் பார். சாவு விகிதத்தை நிறமாகப் போட்ட மேப்பில் கிழக்குக் கனெக்டிகட்டில் சிவப்பு சிவப்பாக இருக்கும், நடுநடுவே பச்சைப் புள்ளிகள் தூவினாற்போல் இருக்கும். உடனே மனம் கதை கட்டும்: "இங்கே காடு ஒரே மாதிரி அடிவாங்கவில்லை, சில இடம் தப்பித்திருக்கிறது, மண் காரணமாக இருக்கலாம், ஈரம் காரணமாக இருக்கலாம்." அந்தப் பச்சைகளை மேப்பில் பிடித்துவிட்டு வருட ஹிஸ்டோகிராமைப் பார். பாதிக்கு மேல் 2015, 2016 கட்டைகளில் போய் விழுந்தால் கதை முடிந்தது. அந்த இடங்கள் தப்பிக்கவில்லை, புழு வேலையை முடிப்பதற்கு முன்பே அளக்கிறவர்கள் வந்து போய்விட்டார்கள். புழு தின்றதற்கும் மரம் சாவதற்கும் நடுவில் ஒரு வருடமோ அதற்கு மேலோ இடைவெளி உண்டு என்பதையும் சேர்த்துக்கொள். 2017 கோடையில் அளந்தவர்கள் இலையில்லாமல் நின்ற மரத்தையும் உயிர் இருக்கிறது என்றுதான் எழுதியிருப்பார்கள், அது சரியும்கூட.

அதனால் நான் எப்போதும் செய்வது: அளந்த வருடம், முந்தைய அளவுக்கும் இதற்கும் உள்ள இடைவெளி, அந்த இடத்தில் இருந்த ஓக் எண்ணிக்கை, இந்த மூன்றுக்கும் மூன்று சின்ன ஜன்னல் திறந்து திரையின் ஓரத்தில் ஒதுக்கி வைத்துவிடுவேன். மேப்பில் எதைப் பிடித்தாலும் ஓரக்கண்ணால் அந்த மூன்றையும் பார்ப்பேன். பிடித்த புள்ளிகள் மூன்றிலும் சிதறி விழுந்தால் மேலே போவேன். ஒன்றில் ஒரே பக்கம் குவிந்தால் அது அளந்த விதத்தின் சாயல், காட்டினுடையது அல்ல.

மூன்றாவது ஜன்னல் ஏன் என்று கேட்பாய். ஒரு எஃப்ஐஏ இடம் என்பது நான்கு சின்ன வட்டங்கள், ஒவ்வொன்றும் 7.32 மீட்டர் ஆரம், எல்லாம் சேர்த்து 672 சதுர மீட்டர்தான், ஏறத்தாழ பதினாறரை சென்ட். மரம் என்ற கணக்கில் வருவது 12.7 செ.மீ.க்கு மேல் தடித்தவை. அதற்குள் ஓக் இரண்டே இரண்டு நின்று ஒன்று செத்தால் சாவு 50 சதவீதம். இருபது நின்று மூன்று செத்தால் 15. மேப்பில் முதலாவது கருஞ்சிவப்பு, இரண்டாவது வெளிர் மஞ்சள். எதில் அதிகச் செய்தி இருக்கிறது? எக்ஸ் அச்சில் ஓக் எண்ணிக்கை, ஒய் அச்சில் சாவு சதவீதம் என்று ஒரு ஸ்கேட்டர் ப்ளாட் போடு, இடது பக்கம் பூஜ்யத்திலிருந்து நூறு வரை அகலமாகவும் வலது பக்கம் போகப் போக ஒடுங்கியும் புனல் மாதிரி வரும். 1/2, 1/3, 1/4 என்று வளைவு வளைவாகப் புள்ளிகள் வரிசை கட்டி நிற்பதுகூடத் தெரியும். இடது ஓரத்தைப் பிடித்து மேப்பைப் பார்த்தால் உன் "கொடூரமான இடங்கள்" பலவும் ஓக் ஒன்றிரண்டு மட்டும் நிற்கிற கலப்புக் காடுகள் என்று தெரியலாம். ஜியோடாவில் எம்பிரிகல் பேய்ஸ் மென்மையாக்கம் இருக்கிறது, செத்தது ஒரு பத்தி, மொத்தம் ஒரு பத்தி என்று கொடுத்தால் சிறிய எண்ணிக்கை உள்ள இடங்களைச் சராசரிப் பக்கம் இழுத்துவிடும். வெறும் சதவீதத்தைவிட அது நியாயமான மேப்.

இவ்வளவும் தனித்தனியாகச் செய்ய முடியாதா என்றால் முடியும். ஆனால் சந்தேகம் வந்த பிறகுதானே செய்வோம். ஜன்னல்கள் இணைந்திருந்தால் சந்தேகம் தானாக வருகிறது.

---

கருவாலி எழுதியது:

தங்கைதான் அக்கா :)

மிக்க நன்றி இருவருக்கும். ஜியோடா போட்டாயிற்று. கிழக்குக் கனெக்டிகட்டில் நான் "தப்பித்த இடங்கள்" என்று ஒரு தனிப் பிரிவே எழுதி வைத்திருந்தேன். அக்கா சொன்னபடி பிடித்துப் பார்த்தேன், ஏறக்குறைய எல்லாமே ஹிஸ்டோகிராமின் இடது பக்கம் போய் உட்கார்ந்தன. ஆனால் எல்லாமே இல்லை. ஒரு சிறு கொத்து பிற்காலத்தில் அளக்கப்பட்டது, ஓக்கும் கணிசமாக இருக்கிறது, சாவு குறைவு. அது உண்மையிலேயே ஏதோ சொல்கிறது என்று நினைக்கிறேன்.

இரண்டு கேள்விகள். ஒன்று, கைடுக்கு அனுப்ப வேண்டும், அவர் ஜியோடா எல்லாம் நிறுவ மாட்டார், பிரவுசரில் திறக்கிற மாதிரி இதையே கொடுக்க முடியுமா? இரண்டு, அந்தக் கொத்து வெறும் தற்செயலா என்று எப்படிப் பார்ப்பது?

---

சுழியன் எழுதியது:

முதல் கேள்விக்கு நான். ஆர்-ல் கிராஸ்டாக் என்ற பேக்கேஜ். தரவுச் சட்டகத்தை ஷேர்ட்டேட்டா என்று ஒரு உறைக்குள் போட்டு, எந்தப் பத்தி அடையாளம் என்று சொல்லிவிட்டு, அதே உறையை லீஃப்லெட் மேப்புக்கும் ப்ளாட்லி சார்ட்டுக்கும் கொடுத்தால் இரண்டும் இணைந்துவிடும். ஒரே எச்டிஎம்எல் கோப்பு, சர்வர் வேண்டாம், கைடு மெயிலில் திறந்து விளையாடலாம். பத்துப் பதினைந்து வரி நிரல்தான்.

குறை உண்டு. தனித்தனிப் புள்ளிகளுக்குத்தான் சரிப்படும், தொகுத்த சார்ட்டுகளுக்கு இல்லை. பாக்ஸ் ப்ளாட், தேர்வுக்கேற்ப மாறும் சராசரி, ரெஜீம் கோடு இதெல்லாம் எதிர்பார்க்காதீர்கள், அதற்கு ஆர்-ன் இணையச் செயலிக் கருவியான ஷைனியில் எழுத வேண்டும், அப்போது சர்வர் வந்துவிடும். தரவு முழுவதும் பிரவுசரில் ஏறுவதால் மர அட்டவணையை அப்படியே கொட்டாதீர்கள், ஒரு இடத்துக்கு ஒரு வரி என்று சுருக்கிக் கொடுங்கள். ஆர்எஃப்ஐஏ பேக்கேஜில் பைப்ளாட் என்று கேட்டால் அதுவே இட வாரியாகக் கணக்குப் போட்டுத் தரும், சிற்றினம் வாரியாகவும் பிரிக்கலாம், எஃப்ஐஏ-வின் சிற்றின எண்களில் 833 செவ்வோக், 802 வெள்ளை ஓக்.

பழையகணினி அண்ணனோடு ஒரு சின்ன மாறுபாடு. ஜியோடா நன்றாக இருக்கிறது, ஆனால் அதில் நேற்று என்ன பிடித்தேன், எதை விட்டேன் என்பதற்குத் தடயம் இல்லை. ஆய்வேட்டில் "பிரஷ் பண்ணிப் பார்த்தோம்" என்று எழுதினால் நடுவர் கேட்பார். ஆர்-ல் செய்தால் நிரலாவது மிஞ்சும்.

---

பழையகணினி எழுதியது:

சுழியன் சொல்வது நியாயம். ஜியோடாவிலும் தேர்வை ஒரு பத்தியாகச் சேமிக்கலாம், பிடித்தது 1, பிடிக்காதது 0 என்று. முக்கியமாகப் பட்டதை எல்லாம் உடனே ஒரு பெயர் கொடுத்துச் சேமித்துவிடுங்கள். பிறகு அந்தப் பத்தியை ஆர்-க்குக் கொண்டுபோய் என்ன வேண்டுமானாலும் சோதிக்கலாம்.

இப்போது இரண்டாவது கேள்வி. லோக்கல் மோரான் என்ற இடஞ்சார் சோதனையை ஓட்டினால் குறைவு-குறைவு (தானும் குறைவு, அண்டை இடங்களும் குறைவு) என்று அந்தக் கொத்து வருகிறதா என்று தெரியும், மதிப்புகளை 999 முறை கலைத்துப் போட்டுப் பார்க்கும். ஆனால் ஒன்றைக் கண்ணால் தேடிக் கண்டுபிடித்துவிட்டு அதே தரவில் சோதனை செய்தால் அந்தச் சோதனைக்கு மதிப்பு குறைவு, இதை யாரும் சொல்லித் தர மாட்டார்கள். இடங்களில் பாதியைத் தற்செயலாகப் பிரித்து மூடி வைத்துவிட்டு, மீதிப் பாதியில் விளையாடுங்கள். அதில் தோன்றியதை ஒரு வாக்கியமாக எழுதிக்கொண்டு, "இந்த உயரத்துக்குக் கீழே, இந்த மண்ணில், ஓக் இவ்வளவுக்கு மேல் இருந்தும் சாவு குறைவு" என்கிற மாதிரி, பிறகு மூடியதைத் திறந்து பாருங்கள்.

அதற்கு முன் வேரியோகிராம் கிளவுட் ஒன்று பாருங்கள், எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்தது அதுதான், அயோவாக்காரர்கள் ஆர்க்வியூ இணைப்பில் இதையும் வைத்திருந்தார்கள். சாதாரண சார்ட்டில் ஒரு புள்ளி ஒரு இடம். இதில் ஒரு புள்ளி ஒரு ஜோடி. எக்ஸ் அச்சில் இரண்டு இடங்களுக்கும் உள்ள தூரம், ஒய் அச்சில் இரண்டின் மதிப்புக்கும் உள்ள வித்தியாசம். 200 இடம் என்றால் 19,900 புள்ளி, மேகம் மாதிரிதான் தெரியும். பக்கத்துப் பக்கத்து இடங்கள் ஒத்துப்போக வேண்டும், ஆகவே இடது மேல் மூலை காலியாக இருக்க வேண்டும். அங்கே சில புள்ளிகள் நின்றால், அருகருகே இருந்தும் ஒத்துப்போகாத ஜோடிகள் அவை. அவற்றைப் பிடித்தால் மேப்பில் ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு கோடு வரும்.

அந்தக் கோடுகள் எப்படி விழுகின்றன என்பதில்தான் விஷயம். எல்லாக் கோடும் ஒரே இடத்திலிருந்து விரிந்தால் அந்த ஒரு இடம்தான் வித்தியாசமானது: பதிவுப் பிழையாக இருக்கலாம், மரம் வெட்டியிருக்கலாம், ஓக் இரண்டே இரண்டு நின்றிருக்கலாம். கோடுகள் வெவ்வேறு இடங்களிலிருந்து கிளம்பி ஒரு வரிசையைக் குறுக்கே வெட்டினால், அங்கே ஒரு எல்லை இருக்கிறது: மலைச்சரிவு, மண் மாற்றம், மாநில எல்லை. மாநில எல்லையோடு ஒட்டிப் போனால் காட்டை விட்டுவிட்டு முதலில் அளந்த குழுக்களைச் சந்தேகப்படுங்கள். உங்கள் கொத்தைச் சுற்றி வளையமாக விழுந்தால் நல்ல சகுனம்.

ஆர்-ல் ஜிஸ்டாட் பேக்கேஜில் வேரியோகிராம் கேட்கும்போது கிளவுட் வேண்டும் என்று சொன்னால் கிடைக்கும், வரைந்த படத்தில் ஒரு பலகோணம் போட்டு ஜோடிகளைப் பிடிக்கலாம், பிடித்ததை மேப்பில் கோடுகளாக வரையவும் செய்யும். பழைய பாணி, ஒரு முறை பிடித்தால் ஒரு முறை வரையும், உயிரோட்டமாக ஆடாது. ஆனால் வேலை நடக்கும்.

---

கருவாலி எழுதியது:

வேரியோகிராம் கிளவுட் போட்டேன். கோடுகளில் பெரிய விசிறி ஒன்று ஒரே இடத்திலிருந்து விரிந்தது, அட்டவணையில் பார்த்தால் அங்கே மரம் வெட்டியிருக்கிறார்கள், நீக்கிவிட்டேன். அதன் பிறகு கொத்தைச் சுற்றி நிஜமாகவே பாதி வளையம் மாதிரி வருகிறது! இப்போது லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்திலிருந்து 2016, 2017 இலையிழப்பை எடுத்து ஒவ்வொரு இடத்தின் பிக்சல் மதிப்பையும் ஒரு பத்தியாகச் சேர்க்கப் போகிறேன். அந்தக் கொத்தில் புழு தின்னவே இல்லையா, தின்றும் பிழைத்தனவா என்று தெரிந்துவிடும். ஆயப் புள்ளிகள் (அட்சரேகை தீர்க்கரேகை) இருக்கின்றன, ராஸ்டர் (பிக்சல் படம்) இருக்கிறது, ஒரு கட்டளைதானே.

---

மலைச்சாரல் எழுதியது:

நில்லு நில்லு. பொதுவெளியில் கிடைக்கும் எஃப்ஐஏ ஆயங்கள் உண்மையான ஆயங்கள் இல்லை. நில உரிமையாளரின் தனியுரிமையைக் காக்கச் சட்டம் இருப்பதால் ஒவ்வொன்றையும் வேண்டுமென்றே நகர்த்தி வைத்திருக்கிறார்கள், பெரும்பாலும் அரை மைலுக்குள், சில ஒரு மைல் வரை. அது போதாது என்று தனியார் நிலத்து இடங்களில் 20 சதவீதம் வரை அதே கவுண்டியில் உள்ள, ஒத்த தன்மை கொண்ட இன்னொரு இடத்தோடு ஆயத்தை மாற்றியும் போட்டிருப்பார்கள். நியூ இங்கிலாந்தில் காடு பெரும்பாலும் தனியாருடையது, ஆகவே உனக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இதுவரை செய்தது வீணா என்றால் இல்லை. எஃப்ஐஏ-வில் 6,000 ஏக்கருக்கு ஒரு இடம், அதாவது அண்டை இடங்களுக்கு நடுவில் ஐந்து கிலோமீட்டர் அளவுக்குத் தூரம். 800 மீட்டர் தள்ளி வைத்தாலும் மாநில அளவிலான உருவம் கெடாது, கொத்து கொத்தாகவே தெரியும், உன் வளையமும் ஏறக்குறைய அங்கேதான் இருக்கும். மாற்றிப் போட்டதால் ஒன்றிரண்டு புள்ளி வேறு பக்கம் போயிருக்கலாம், கிளவுட்டில் ஒற்றை விசிறி வந்தால் இதையும் ஒரு காரணமாக மனதில் வை. ஆனால் லேண்ட்சாட் பிக்சல் 30 மீட்டர். 800 மீட்டர் தள்ளிப்போன புள்ளியை அதன் மேல் வைத்தால் யாரோ ஒருவர் வீட்டுக் கூரையின் மதிப்பு வரும், இல்லை குளத்தின் மதிப்பு. இதில் கொடுமை என்னவென்றால் கட்டளை பிழையே சொல்லாது, பத்தி அழகாக நிரம்பிவிடும், ஜியோடாவில் எல்லா ஜன்னலோடும் ஒழுங்காக இணையவும் செய்யும்.

வழி இரண்டு. ஒன்று, எஃப்ஐஏ-வின் ஸ்பேஷியல் டேட்டா சர்வீசஸ் பிரிவுக்கு எழுதிக் கேட்பது. உன் ராஸ்டரை அவர்களிடம் கொடுத்தால் உண்மையான ஆயத்தில் வைத்து மதிப்பை எடுத்துத் தருவார்கள், ஆயத்தை உன் கையில் கொடுக்காமலேயே. நேரம் எடுக்கும், கைடு கையெழுத்தும் வேண்டியிருக்கும், இப்போதே எழுது. இரண்டு, பதில் வரும்வரை பிக்சலை விட்டுவிட்டு அகலமாகப் பார்: ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் உள்ள காட்டுப் பிக்சல்களின் சராசரி இலையிழப்பு. "இந்த இடத்தில் தின்றதா" என்ற கேள்வி "இந்த வட்டாரத்தில் தின்றதா" என்று மாறிவிடும். உன் கொத்துக்கு அதுவே போதுமானதாக இருக்கலாம்.

வட்டாரத்தில் தின்றிருந்தும் மரம் பிழைத்திருந்தால் அடுத்து 2017 வசந்தகால மழையைப் பார். வறண்ட வசந்தங்களில் அடங்கிக் கிடந்த மைமைகா பூஞ்சை அந்த ஈரத்தில்தான் கிளம்பிப் புழுக்களைக் கொத்துக்கொத்தாகக் கொன்றது. எங்கே சீக்கிரம் கிளம்பியதோ அங்கே மரம் ஒரு வருடக் கடியோடு தப்பித்திருக்கலாம். இது என் ஊகம்தான், ஆனால் ஒரு பத்தியாகச் சேர்த்துப் பிரஷ் பண்ணிப் பார்க்கக் காசு செலவில்லையே.

---

சுழியன் எழுதியது:

அவர்களிடமிருந்து கோப்பு வந்ததும் இணைக்கும்போது ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். எஃப்ஐஏ-வின் சிஎன் எண், அதாவது ஒவ்வொரு வரிக்குமான அடையாள எண், மிக நீளமானது. நடுவில் யாராவது எக்செல்லில் திறந்து சேமித்தால் அது அடுக்குக்குறி எண்ணாகி, கடைசி இலக்கங்கள் எல்லாம் பூஜ்யமாகிவிடும், அதற்கப்புறம் பாதி வரிகள் ஒன்றோடொன்று பொருந்தாது. படிக்கும்போதே அந்தப் பத்தியை எழுத்து வகையாகப் படியுங்கள், ஜியோபேக்கேஜிலும் எழுத்தாகவே வையுங்கள். இணைத்த பிறகு வரி எண்ணிக்கை முன்பிருந்ததேதானா என்று ஒரு முறை பார்த்துவிட்டு ஜியோடாவைத் திறங்கள்.

---

கருவாலி எழுதியது:

கடிதம் எழுதி கைடிடம் கொடுத்துவிட்டேன். மூன்று கிலோமீட்டர் வட்டச் சராசரி இன்று இரவு ஓடும். கிராஸ்டாக் கோப்பை அவர் திறந்து பார்த்தார், ஹிஸ்டோகிராம் இல்லையா என்று கேட்டார். ஷைனிதான் எழுத வேண்டும் போல. மாதிரி நிரல் யாரிடமாவது இருந்தால் இங்கேயே போடுங்கள்.